திகிரி பயின்ற வரலாறு

நம் மரபினரின் தொன்மையைப் பற்றி இவ்விதழில் கட்டுரைகள் பல வெளிவந்துள்ளன. குயவர், குலாலர், வேட்கோவர், வேளார், மண்ணுடையார் என்னும் பெயர்கள் எங்ஙனம் தோன்றின என்றும், சாலிவாகனன் கதையில் மெய் எவ்வளவு, கற்பனை எவ்வளவு என்றும் அன்பர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கின்றனர். அவர்தம் உழைப்பை யாம் குறைத்து மதிப்போமல்லோம். ஆயினும் அவையாவும் பாண்டத்தையும் அதனை வனைந்தோனையும் பேசுகின்றனவேயன்றி, வனையக் கற்றுக்கொண்டிருந்த சிறுவனைப் பேசவில்லை. கற்றவன் வரலாறு நம்மிடம் உண்டு. கற்ற வரலாறு இல்லை.

நம் வீடுகளில் சக்கரம் ஏன் நின்றது என்று கேட்டால், அலுமினியம் வந்தது, எவர்சில்வர் வந்தது, பிளாஸ்டிக் வந்தது என்று விடை கூறுகின்றோம். அஃது உண்மையே, ஆனால் முழு உண்மையன்று. பெரும்பானை விலைபோகாத காலம் வருமுன்னரே, இளையோர் கை பழகுதற்கு ஏற்ற சிறு பண்டங்கள் விலைபோகாத காலம் வந்துவிட்டது. பயில்வோனுக்கு வேலை ஒழிந்த பின்னரே பயின்றோனுக்கு வேலை ஒழிந்தது என்பது எம் துணிபு. ஆண்டிமடம் பக்கத்து மண்ணையும் ஊர்களையும் கருத்திற்கொண்டு இதனை விளக்க முயல்கின்றோம்.

குலவித்தை கற்பிக்காமலே வந்து சேரும் என்று ஒரு பழமொழி வழங்குகின்றது. பிறர் நம்மைப் பார்த்து அதனைக் கூறுங்கால் நமக்குப் பெருமிதம் உண்டாகின்றது. ஆனால் அப்பழமொழியைப்போல் நம் தொழிலுக்குத் தீங்கு செய்தது பிறிதொன்றில்லை. தொட்டிலிற் கிடக்கும்போதே சக்கரம் சுழலும் ஓசையைக் கேட்டவன், தவழும்போதே களிமண்ணை அள்ளி வாயிலிட்டவன், நடை பழகிய கையோடு தகப்பன் மிதிக்கும் மண்ணில் தானும் இறங்கி மிதித்தவன் ஆகிய இவனுக்கு எவரும் கற்பிக்கவில்லை போலத் தோன்றும். உண்மையில் நாள் முழுவதும் கற்பித்தலே நடந்தது. அதற்குப் பள்ளிக்கூடம் என்று பெயரிடவில்லை, அவ்வளவே. அவ்வீட்டில் ஒரு தலைமுறைக் காலம் சக்கரம் நின்றுபோகுமாயின், அடுத்து வரும் பிள்ளைக்குக் குலத்தால் ஒன்றும் வாராது. மண்ணின் முன் அவனும் வக்கீல் வீட்டுப் பிள்ளையும் ஒன்றே.

சங்க நூல்களில் நம் தொழில் பேசப்படும் இடங்களுள் பலரும் எடுத்துக்காட்டுவது புறநானூற்று 228-ஆம் செய்யுள். கிள்ளிவளவன் இறந்தபோது, அவன் பெருமைக்கு ஒத்த தாழி வனைய வேண்டுமாயின் நிலவுலகையே திகிரியாகவும் பெருமலையையே மண்ணாகவும் கொள்ள வேண்டுமே, அது நின்னால் இயலுமோ என்று ஐயூர் முடவனார் குயவனை நோக்கி வினவுகின்றார். சிறந்த செய்யுளே. எனினும் எமக்கு அதனினும் உவப்பானது 32-ஆம் செய்யுள். சோழன் நலங்கிள்ளி எண்ணியபடியெல்லாம் ஆவது இந்நாடு என்று கூற வந்த கோவூர்கிழார், தேர்ச்சக்கரம் போன்ற திகிரியின்மேல் வேட்கோவர் சிறுவர் வைத்த பசுமண் திரளை உவமையாக எடுத்துக்கொள்கின்றார். அரசனுக்குக் குயவன் உவமையானதில் வியப்பில்லை. குயவர் வீட்டுச் சிறுவர் உவமையானதே வியப்பு. அன்றியும் அவர்களுக்கு நல்லறிவுடையார் என்னும் பொருள்பட ஓர் அடைமொழியையும் புலவர் தந்திருக்கின்றார். ஆகவே இளமையிலேயே சக்கரத்தின் பக்கத்தில் அமர்ந்து பழகும் வழக்கம், ஒரு புலவர் கண்டு உவமையாக்கும் அளவுக்கு அக்காலத்துத் தமிழ்நாட்டில் பரவியிருந்தது என்று கொள்ளலாம். தேர்க்கால் என்று அவர் கூறுவதும் ஈண்டு நோக்கத்தக்கது. நம் தாத்தாமார் சுழற்றிய சக்கரமும் ஆரக்கால் வைத்து, வட்டை மாட்டி, வட்டையின்மேல் மண்ணும் நாரும் பிசைந்து அப்பிக் கனமேற்றிய சக்கரமேயன்றோ?

இளமையிற் பயில்வது ஏன் வேண்டும் என்பதை அண்மைக்காலத்து ஆராய்ச்சியும் காட்டுகின்றது. பிரெஞ்சு நாட்டுத் தொல்லியலாராகிய வாலந்தீன் ரூ என்னும் அம்மையார், தானியேலா கொர்பெத்தா என்பவரோடு சேர்ந்து, டில்லியிலுள்ள உத்தம்நகர்க் குயவர்களிடையே சக்கரம் பயில்வோரை ஆராய்ந்து 1989-இல் ஒரு நூல் வெளியிட்டார். பயில்வோன் முதலில் விரலளவு உயரமே உள்ள கலங்களை வனைகின்றான். பின்னர்ப் படிப்படியாக உயரத்தை ஏற்றுகின்றான். பெருங்கலம் வனையும் திறம் முழுதும் கைவர ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆகின்றன என்பது அந்நூலின் முடிபு. உயரத்தில் ஒவ்வொரு படியும் ஏறுதற்கு இரு கைகளும் புதியதொரு முறையில் ஒன்றோடொன்று இசைய வேண்டியிருத்தலின், இடைப்படியைத் தாண்டி மேற்படிக்குச் செல்ல இயலாதாம். நம் பாட்டன்மார்க்கு இது புதிதன்று. அகல் வனையாதவனைப் பானைக்கு விடமாட்டார்கள்.

இனி, பயிற்சியின் முறையைச் சிறிது விரித்துரைப்போம். சக்கரத்திலிருந்து தொடங்குவோர் தவறுகின்றனர். பயிற்சி மண்ணிலிருந்து தொடங்குகின்றது.

ஆண்டிமடம், விளந்தைப் பக்கமெல்லாம் செம்மண் பூமி. முந்திரிக் காட்டுக்குப் பெயர்பெற்றது. இச்செம்மண் பார்வைக்கு அழகியதேனும், தனித்து நின்று சக்கரத்தில் எழாது; இழுத்தால் அறும். ஏரியின் அடியில் படிந்த களிமண்ணோ எழும். ஆனால் தனியே வனைந்தால் உலரும்போது சுருங்கி வெடிக்கும். ஆகவே ஏரிமண்ணோடு செம்மண்ணையும் நுண்மணலையும் அளவறிந்து கலத்தல் வேண்டும். அவ்வளவை எந்தப் புத்தகமும் சொல்லாது. ஊருக்கு ஊர், ஏரிக்கு ஏரி வேறுபடும். சிறு கயிறுபோல் திரித்து விரலில் சுற்றிப்பார்த்து, விள்ளாமல் வளைகின்றதா என்று காண்பதே சோதனை.

இப்பகுதிக்கே உரிய இடர் ஒன்றுண்டு. அரியலூர்ச் சீமை சுண்ணாம்புக்கல் நிறைந்தது. ஆதிகாலத்தில் கடல் கிடந்த இடம். சிமெண்டு ஆலைகள் அங்கு வந்தது அதனாலேயே. அண்டையூர்களின் ஏரிமண்ணிலும் ஓடை மண்ணிலும் சுக்கான்கல் குறுணிகள் கலந்து வருதல் இயல்பு. பச்சைமண்ணில் அக்குறுணி ஒரு தீங்கும் செய்யாது. சூளையில் வெந்தபின் அது நீறாகிப் பாண்டத்தின் உள்ளே ஒளிந்துகொள்ளும். பின்னர்க் காற்றின் ஈரத்தை உண்டு பருத்து, சில நாளிலோ சில வாரத்திலோ ஓட்டைச் சில்லுச் சில்லாகப் பெயர்த்துவிடும். சந்தையில் நன்றாயிருந்த சட்டி வாங்கினவர் வீட்டில் பொரிந்து போவது இதனாலேதான். எனவே மண்ணை உலர்த்தி, உடைத்து, நீரிற் கரைத்து, வடித்து, மறுபடியும் உறையவிட்டு மிதித்தல் இப்பக்கத்தில் பிற பக்கங்களைவிட இருமடங்கு கருத்தாகச் செய்யவேண்டிய வேலை. அதனைச் செய்தவர் பெரும்பாலும் பெண்டிரும் சிறுவருமே. காலின் அடியில் ஒரு குறுணி உறுத்தினால் குனிந்து எடுத்தெறிதல்தான் குயவர் வீட்டுப் பிள்ளையின் முதற்பாடம். கண்ணுக்குமுன் கால் கற்றது.

நிற்க. மண் அமைந்தபின் சக்கரம். நம் நாட்டுச் சக்கரம் நிலத்தோடொட்டி ஒரு முளையின்மேல் நின்று சுழல்வது. கோலை விளிம்பிற் கொடுத்து வேகமாகச் சுழற்றிவிட்டுக் கோலை எடுத்துவிட வேண்டும். அதன்பின் சக்கரம் தன் கனத்தாலேயே சில நிமிஷம் ஓடும். மண் திரளை நடுவில் அறைந்து வைத்து, கைகளை நனைத்து, அதனை அசைவின்றி ஓடச் செய்தல் முதல் வேலை. இதில்தான் புதியவர் தோற்பர். மண் கையைத் தள்ளும். கை மண்ணைத் தள்ளும். இரண்டும் சேர்ந்து ஆடும். வலிமை இங்குப் பயன்படாது. முழங்கையைத் தொடையிலோ விலாவிலோ ஊன்றி, கையை ஒரு கல்லைப்போல் நிறுத்திவிட்டால், மண் வேறு வழியின்றி நடுவுக்கு வந்துவிடும். மண்ணைத் திருத்துதலன்று, தன்னை நிறுத்துதலே பாடம். நீரையும் அளவாகவே கொள்ள வேண்டும். வழுக்கலுக்காக அடிக்கடி நீர் விடுவோன் வனையுமுன்னரே கலத்தைச் சேறாக்கிவிடுவான்.

நடுநின்றபின் கட்டைவிரலால் குழித்து, உட்கைக்கும் வெளிக்கைக்கும் இடையே சுவரை மேலேற்றுவர். ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. கோலால் சுழற்றிய சக்கரம் தொடக்கத்தில் விரைந்தும், போகப்போகத் தளர்ந்தும் ஓடும். நடுநிறுத்துதற்கு விரைவு வேண்டும். வாய் வளைத்தற்கு நிதானம் வேண்டும். ஆதலின் வேலையின் வரிசையைச் சக்கரமே வகுத்துக் கொடுக்கின்றது. காலந்தாழ்த்தியவனைத் தளர்ச்சியால் கண்டிக்கின்றது. இக்காலத்து மின்சாரச் சக்கரம் ஒரே வேகத்தில் ஓடும்; முதுகு வலியைத் தவிர்க்கும்; ஒற்றை ஆளாக வேலை செய்வோர்க்கு அது பெருநன்மை. எனினும் அதிற் பழகியவன் நேரத்தின் அருமையைக் கையால் அறியான் என்பது எம் எண்ணம். கூடுமாயின் இரண்டிலும் பழக்குதல் நலம்.

பிற நாட்டார் கேட்டு வியக்கும் செய்தி ஒன்று: நம் குடத்துக்கும் பானைக்கும் சக்கரத்தில் அடி பிறப்பதில்லை. வாயும் கழுத்தும் தோளும் சக்கரத்தில் உருவாகும். அடிப்புறம் திறந்தே, சுவர் தடித்தே அறுத்தெடுக்கப்படும். சிறிது உலர்ந்து இறுகியபின், உள்ளே ஓர் உருண்டைக் கல்லை அணைகொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டிச் சுவரை மெல்லிதாக்கி, அடியை மூடி, வயிற்றை உருட்டுவர். அடி உருண்டையாகவும் மெல்லியதாகவும் இருத்தலாலன்றோ அது நெருப்பைத் தாங்குகின்றது! மூலையுள்ள கலம் அடுப்பில் வெடிக்கும். சக்கரம் பாதி, தட்டு பாதி என்பதே தமிழ்நாட்டு முறை. அத்தட்டுவேலையைப் பல ஊர்களில் வீட்டுப் பெண்டிரே செய்து வந்தனர். இதனை ஈண்டு அழுத்திக் கூறுவதற்குக் காரணம் பின்னர் விளங்கும்.

ஆனால் புதியவன் பானைக்கு வருதல் பல ஆண்டுகளுக்குப் பின். அதுவரை அவன் வனைந்தவை யாவை? அகல், மூடி, சிறு கலயம், திருவோடு, பால்மொந்தை, கூரை ஓடு. ஒரு பெருந்திரளை நடுவில் வைத்து, அதன் உச்சியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாய் வனைந்து நூலால் அறுத்தெடுக்கலாம். பத்துக் கெட்டாலும் மண் கெடுவதில்லை, மறுபடி மிதித்துவிடலாம். கோணலாய் வந்த அகலிலும் திரி எரியும். நாட்டு ஓட்டின் செய்தியோ இன்னும் சுவையுடையது. அடி அகன்று நுனி சிறுத்த குழல் ஒன்றைச் சக்கரத்தில் எழுப்பி, இறுகியபின் நெடுக இரண்டாகப் பிளந்தால் இரண்டு ஓடுகள். நேரான சுவரை மேலேற்றுவதே சக்கரக் கல்வியின் அடிப்படையாதலின், ஓடு வனைவதைவிடச் சிறந்த பயிற்சி எந்தக் கல்லூரியிலும் கிடையாது. ஒரு வீட்டுக் கூரைக்கு ஆயிரக்கணக்கில் ஓடு வேண்டும். ஓடு மாற்றும் வேலை ஆண்டுதோறும் வரும். கற்றுக்கொள்ளும் பிள்ளைக்குக் கூலியும் கிடைத்தது, கையும் தேர்ந்தது.

சிறு கலத்தின் பெருமையை நம் சமயமும் மறந்ததில்லை. ஆண்டிமடத்திற்குக் கிழக்கே தில்லையில் வாழ்ந்த திருநீலகண்ட நாயனார், அறுபத்துமூவருள் நம் மரபிற் பிறந்தவர். அவர் சிவனடியார்க்கு உகந்தளித்தது பெருங்குடமோ பேரண்டாவோ அன்று, திருவோடு. சிவபெருமான் யோகியாராய் வந்து அடைக்கலம் வைத்து மறைத்ததும் ஓர் ஓடே. புதியது வனைந்து தருகின்றேன் என்று நாயனார் மன்றாடியதும், தந்த ஓடேதான் வேண்டும் என்று யோகியார் வாது செய்ததும் சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைத்த செய்திகள். ஆண்டியையும் மடத்தையும் பெயரிலேயே தாங்கிய ஊரில் நின்று இதனை எண்ணும்போது, குயவனை மாதக்கணக்காய் வேண்டி ஒரு தோண்டி பெற்று அதனைக் கூத்தாடி உடைத்த ஆண்டியைப் பாடிய கடுவெளிச் சித்தரும் நினைவுக்கு வருகின்றார். ஊர்ப்பெயருக்கும் அவ்வாண்டிக்கும் தொடர்பு உண்டென்று யாம் கூறவில்லை. நினைவு வந்தது, எழுதினோம்.

ஆண்டிமடத்திற்குத் தெற்கே கங்கைகொண்ட சோழபுரம். முதலாம் இராசேந்திரன் எழுப்பிய அத்தலைநகரின் அரண்மனை நின்ற மாளிகைமேட்டைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறையினர் 1980-களிலும், மீண்டும் 2021 முதலும் அகழ்ந்தனர். அங்கே குவியல் குவியலாகக் கிடைத்தவை கூரை ஓடுகள். அவற்றோடு, சீனத்திலிருந்து கப்பலேறி வந்த பசுநிற மெருகிட்ட கலங்களின் உடைசல்களும் கிடைத்தன. அவை 1,200 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் வெந்து கல்லாய் இறுகியவை. வைக்கோலும் விறகும் மூடிய நம் சூளையோ அவ்வெப்பத்தை எட்டாது. அரசன் உண்ட கலம் சீனத்தது ஆயினும், அவன் தலைக்குமேல் இருந்த ஓடும், கோயில் மடைப்பள்ளியிலிருந்த பானையும் இந்நாட்டு மண்ணேயன்றோ? அத்தகைய நகரைக் கட்டி முடிக்க எத்தனை சூளைகள் எரிந்திருக்க வேண்டும், எத்தனை இளங்கைகள் பழகியிருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கத் தகும். இராசேந்திரன் வெட்டிய சோழகங்கம் என்னும் பொன்னேரி இன்றும் அந்நகரின் அருகே கிடக்கின்றது.

அரசு நம்மை மறந்ததில்லை என்பதற்கு வரியே சான்று. பல்லவர் செப்பேடுகளில் குசக்காணம் என்னும் வரி குயவர்மீது விதிக்கப்பட்டதாகக் காண்கின்றோம். பிற்காலச் சாசனங்களில் வரும் திரிகை ஆயம் என்பது சக்கரத்தின்மேல் விதித்த வரி என்பர் சாசன ஆராய்ச்சியாளர். வீட்டை எண்ணாமல் சக்கரத்தை எண்ணி வரி வாங்கினரெனின், சக்கரம் ஓடிய வீடே வருவாயுள்ள வீடு என்பது அதிகாரிக்குத் தெரிந்திருந்தது என்க.

இனி வீழ்ச்சி. 1865-இல் ஜெர்மானியராகிய பிளெப்ஸ்து என்பவர் பாசல் மிஷன் சார்பில் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை நிறுவினார். எந்திரத்தில் அழுத்தி வார்த்த அவ்வோடு ஒன்றோடொன்று கவ்வி நிற்கும். குரங்கு ஏறினாலும் கலையாது. ஆண்டுதோறும் மாற்ற வேண்டுவதில்லை. பங்காளரும் பாசல் மிஷனைப் பின்பற்றினோரும் பல ஆலைகள் தொடங்கினர். ரயில் வழியே அவ்வோடு உள்நாட்டுக்கும் வந்தது. கட்டடத்துக்கு அது நன்மையே. நம் வீட்டுச் சிறுவனுக்கோ ஆயிரக்கணக்கான குழல்களை எழுப்பிப் பழகும் வாய்ப்பு அன்றே தேயத் தொடங்கியது.

சென்னை ஓவியப் பள்ளியின் கதை இன்னும் விசித்திரமானது. 1850-இல் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் தொடங்கிய அப்பள்ளியில் மட்பாண்டத் தொழிலும் கற்பிக்கப்பட்டது. நாட்டிலுள்ள களிமண் வகைகளும் சோதிக்கப்பட்டன. அதே பள்ளியில் 1898-இல் ஆல்பிரட் சாட்டர்டன் அலுமினியப் பாத்திரம் செய்யும் தொழிலைத் தொடங்கிவைத்தார். சாட்டர்டன் கைத்தொழில்களின்மேல் பகை கொண்டவரல்லர். நாட்டில் தொழில் பெருக வேண்டுமென்று உழைத்தவரே. ஆயினும் ஏழையின் அடுப்பில் மண்பானை இருந்த இடத்தில் உடையாத, இலேசான, மலிவான பாத்திரம் ஒன்றை வைத்த பெருமை அப்பள்ளிக்கே உரியது. ஒரே கூரையின்கீழ் ஓர் அறையில் நம் தொழிலைக் கற்பித்தனர். மற்றோர் அறையில் அதன் மாற்றைச் செய்தனர்.

மதுவிலக்கு 1937-இல் சேலம் ஜில்லாவில் தொடங்கி, 1948-க்குள் சென்னை மாகாணம் முழுதும் பரவியது. கள்ளுக் கலயம் வேண்டாதாயிற்று. மதுவிலக்கைக் குறைகூற யாம் வரவில்லை. நம் குடும்பங்கள் அதனால் அடைந்த நலம் பெரிது. கலயமும் இளங்கை பழகும் பண்டமே என்பதை மட்டும் குறித்துச் செல்கின்றோம். அதன்பின் எவர்சில்வரும் பிளாஸ்டிக் குடமும் வந்ததை எல்லோரும் அறிவர், விரிக்க வேண்டுவதில்லை. எஞ்சியவை கார்த்திகை அகலும், பொங்கல் பானையும், கல்யாண அரசாணிப் பானையும், ஐயனார் கோயில் குதிரையும். இவற்றுள் அகல் ஒன்றே பயில்வோனுக்கு உரியது. அதற்கும் ஆண்டில் சில வாரங்களே சந்தை.

இஃது இவ்வாறாக, நாம் விட்டதைப் பிறர் எடுத்துக்கொண்டனர். ஆங்கிலேயராகிய பெர்னார்டு லீச், 1911-இல் யப்பானில் தற்செயலாக ஒரு கலத்தில் சித்திரம் எழுத நேர்ந்து, அதனாலேயே குயவராக விரும்பி, அந்நாட்டு ஆசான் ஒருவரிடம் பயின்றார். 1920-இல் ஹமாதா ஷோஜி என்னும் யப்பானியரோடு இங்கிலாந்துக்குத் திரும்பிச் சூளை நிறுவினார். அவர் எழுதி 1940-இல் வெளிவந்த நூலைப் பற்றிக்கொண்டு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பலர் இத்தொழிலிற் புகுந்தனர். அருகிலேயே புதுச்சேரியில் 1971-இல் அமெரிக்கராகிய டெபோரா ஸ்மித்தும் ரே மீக்கரும் தொடங்கிய சூளைச்சாலையில் பயின்று, இந்தியா முழுதும் பெயர்பெற்ற கலைஞர்கள் பலர் வெளிவந்தனர். அவர்களுட் பெரும்பாலோர் குயவர் குலத்துப் பிறந்தவரல்லர். இதனைக் கண்டு சினப்பது பேதைமை. வாலந்தீன் அம்மையார் எழுதியதையே இவர்களும் மெய்ப்பித்தனர்: பயின்றவர்க்கு வரும், பயிலாதவர்க்கு வாராது. இன்று பெருநகரங்களில் கட்டணம் செலுத்தி ஒரு சனிக்கிழமை மாலை சக்கரத்தருகே அமர்வோர் உண்டு. ஒரு மாலையில் ஓர் அகல் வரும். ஆனால் அவ்வகலை அவர்கள் அருமையாகப் போற்றி வீட்டில் வைத்திருக்கின்றனர்.

அரசும் சும்மா இருக்கவில்லை. கருநாடகத்துக் கானாபூரில் கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் மட்பாண்டப் பயிற்சி நிலையம் உண்டு. அவ்வாணையம் 2018 முதல் குயவர் குடும்பங்களுக்குப் பயிற்சியும் மின்சாரச் சக்கரமும் வழங்கத் தொடங்கியது. ஆண்டிமடத்திற்கு வடக்கே விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வளர்ந்து, அத்தொழிலைக் கற்பிக்கும் அரசுப் பயிலகமும் அமைந்தது. பீங்கான் வேலை பெரும்பாலும் அச்சில் வார்ப்பது, சக்கரத்தில் வனைவதன்று. எனினும் மண்ணின் குணம், வெப்பத்தின் அளவு ஆகிய கல்விகள் அங்கே கிடைப்பன. நம் பிள்ளைகள் கணினி பயிலச் சென்னைக்குச் செல்வதைப் போல, இதனைப் பயில விருத்தாசலத்துக்குச் செல்லத் தயங்குவானேன்?

இனி, சங்கத்தார் சிலருக்கு உவப்பாய் இராதாயினும் யாம் கூறியே ஆகவேண்டிய ஒன்றுண்டு. பெண்கள் சக்கரத்தைத் தொடலாகாது என்னும் கட்டு நம் ஊர்கள் பலவற்றில் இருந்து வந்தது. மண் மிதிப்பவள் பெண், வடிப்பவள் பெண், தட்டிப் பானைக்கு அடியும் வயிறும் தருபவள் பெண், காவி பூசுபவள் பெண், தலைச்சுமையாய்ச் சந்தைக்குக் கொண்டுபோய் விற்றவளும் பெண். சுழலும் சக்கரம் ஒன்று மட்டும் அவளுக்கு ஆகாதாம்! இதற்குச் சாத்திரம் எதுவென்று வினவினால், வழக்கம் என்பதே விடை. கரிகாலன் வெண்ணிப் போர்க்களத்தில் வென்றபோது, வென்றவனைவிடத் தோற்று வடக்கிருந்தவன் நல்லவனல்லனோ என்று அவ்வரசனையே நோக்கிப் பாடிய வெண்ணிக்குயத்தியார் நம் குலத்துப் பெண். அரசன்முன் அஞ்சாது பேசிய நா உடையவளுக்குச் சக்கரத்தைத் தொடும் கை இல்லையென்பது யாங்ஙனம்? மணிப்பூரில் ஆந்த்ரோ என்னும் ஊரில் பாண்டம் செய்வோர் பெண்டிரே. புதுச்சேரியிற் பயின்று பெயர்பெற்றோருள்ளும் பெண்கள் பலர். ஊராரின் பெண்கள் கட்டணம் கொடுத்துச் சக்கரத்தில் அமர, நம் பெண்கள் நம் முற்றத்திலேயே ஒதுங்கி நிற்பதை என்னென்பது? பையன்கள் வெளியூர் வேலைக்குப் போய்விட்ட வீடுகளில் தொழிலறிந்த முதியவரும், கற்க விருப்பமுள்ள பெண்பிள்ளைகளும் ஒருங்கே இருக்கின்றனர்; இடையே நிற்பது அந்த வழக்கம் ஒன்றே. அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனை வெளிப்படையாக எடுத்துப் பேசித் தீர்மானம் செய்தல் வேண்டும்.

செயலளவில், பயிற்சிக்கு வேண்டுவன மூன்றே: மண், ஒரு சக்கரம், பயில்வோன் வனைந்ததை வாங்குவோர். சக்கரத்துக்கு மேற்கூறிய ஆணையத்தின் உதவியை நாடலாம். வாங்குவோரை நாமே ஆக்கிக்கொள்ள இயலும். நம் இல்லத் திருமணங்களிலும் சங்கக் கூட்டங்களிலும் காகிதக் குவளைக்கு மாற்றாக மண்குவளையில் நீரும் பாலும் வழங்குவதென்று முடிவுசெய்தால், ஒரு பருவத்துக்குப் பல்லாயிரம் சிறு கலங்கள் வேண்டியிருக்கும். அன்று ஓடு செய்த வேலையை இன்று குவளை செய்யும். முதல் ஆண்டில் குவளைகள் சற்றே கோணலாக இருப்பினும் உறவினர் பொறுத்துக்கொள்ளட்டும்.

மண்ணைப் பற்றிய துன்பம் நெடுநாளையது. ஏரியில் மண்ணெடுக்கச் சென்றோர் கனிமச் சட்டத்தின்கீழ் அலைக்கழிக்கப்பட்டதும், மாவட்டத் தலைநகர் வரை நடந்ததும் பலர் அறிந்தனவே. 2024-இல் தமிழ்நாட்டு அரசு, விவசாயிகள் வண்டல் மண்ணையும் மட்பாண்டத் தொழிலாளர் களிமண்ணையும் ஏரி குளங்களிலிருந்து கட்டணமின்றி எடுக்க வட்டாட்சியரே அனுமதி தரலாம் என்று வழியை எளிதாக்கியது. ஆண்டிமடம் வட்டத்து நம்மவர் இதனைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். மனுவைத் தனித்தனியே கொடாமல் ஊர்வாரியாகச் சேர்த்துக் கொடுத்தல் நலம். பங்குனி, சித்திரையில் ஏரி வற்றும்போது மண்ணை எடுத்து, கரைத்து வடித்து, சுக்கான்குறுணி நீக்கி, ஆனி தொடங்கி மிதிக்கவும் வனையவும் பழக்கினால், ஐப்பசி மழை பிடிக்குமுன் ஒரு சூளை வைத்துவிடலாம். அச்சூளையிலிருந்து இறங்கும் அகல்கள் கார்த்திகைச் சந்தைக்கு வேளையோடு போய்ச் சேரும்.